சனிக்கிழமை வகுப்பும் ஒரு பழைய பதிலும்



கடந்த இரண்டு மாதங்களாகச் சனிக்கிழமை மாலைகளில் நமது ஆலயத்தின் பின்புறக் கூடத்தில் மாணவர்களுக்கு உயிரியல் வகுப்பு நடைபெற்று வருவதை அறிவீர்கள். அறியாதவர்கள் ஞாயிறு காலை ஆராதனைக்கு வந்தபோது மீன் வாடையால் அறிந்திருப்பீர்கள். கோவில்பிள்ளை இதைக் குறித்து என்னிடம் இருமுறை முறையிட்டுவிட்டார். போதகருக்கும் உயிரியலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் மகிழ்ச்சியோடும் சிலர் கவலையோடும் கேட்டீர்கள். மூத்த சகோதரர் ஒருவர், "ஐயா, பள்ளிக்கூடத்தில் படிப்பதை மறுத்து ஆதியாகமத்தை நிலைநாட்டத்தானே இந்த வகுப்பு?" என்றார். ஆம் என்றிருந்தால் அவர் மனம் குளிர்ந்திருக்கும். அப்பொழுது நான் ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அவருக்குச் சொல்லாத பதிலை இந்த வாரம் உங்கள் யாவருக்கும் எழுதுகிறேன். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மாலைப் பொழுதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அப்போது நான் வேறொரு ஊரில், குருத்துவ அபிஷேகம் பெற்ற புதிதில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். அங்கே வாலிபர் ஐக்கியத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருந்தாள். ஞாயிறு பள்ளித் தேர்வுகளில் தவறாமல் பரிசு பெறுகிறவள். கேள்வி கேட்பதில் கூச்சமில்லாதவள். ஒரு நாள் மாலை விலங்கியல் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போதகர் இல்லத்துக்கு வந்தாள். பரிணாமத்தைப் பற்றிய பாடத்தை விரித்து வைத்து, "ஐயா, வேதத்தில் ஒன்று இருக்கிறது, பாடத்தில் வேறொன்று இருக்கிறது. பரீட்சையில் நான் எதை எழுதுவது?" என்று கேட்டாள்.

எனக்கு அந்தப் பாடம் தெரியாது. கல்லூரியில் நான் வரலாறு படித்தவன். தெரியாது என்று ஒரு பள்ளி மாணவியிடம் ஒப்புக்கொள்ள அந்த வயதில் எனக்கு மனம் வரவில்லை. சிரித்துக்கொண்டே, "மகளே, அவர்கள் கேட்கிறதை எழுதி மதிப்பெண்ணை வாங்கிக்கொள். மனதில் மாத்திரம் வேதவசனத்தை வைத்துக்கொள்" என்று சொல்லி, தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பினேன். அடுத்த ஞாயிறு அவளுடைய தாயார் வந்து, போதகர் எவ்வளவு எளிதாகப் பிள்ளையின் குழப்பத்தைத் தீர்த்து வைத்தார் என்று என்னைப் பாராட்டினார். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

அவள் நல்ல மதிப்பெண் பெற்றாள். நுண்ணுயிரியல் படித்தாள். இப்போது ஒரு பெருநகரத்தில் ஆய்வகமொன்றில் பணிபுரிகிறார். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண வீட்டில் அவரைச் சந்தித்தேன். ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தபடியால், போதகருக்கேயுரிய உரிமையோடு அதைக் குறித்து விசாரித்தேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. "ஐயா, நம்பாததை நம்புகிறவளைப்போல எழுதலாம் என்று எனக்கு முதலில் கற்றுத் தந்தது நீங்கள்தான். பரீட்சையில் அது எளிதாயிருந்தது. பிறகு ஆலயத்தில் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லும்போதும் அதையே செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒருநாள் தெரிந்தது. அதன்பின் வருவது சரியாகப் படவில்லை" என்றார். என் மனைவியின் உடல்நலத்தை விசாரித்தார். பந்திக்கு அழைத்தார்கள், எழுந்து போய்விட்டார்.

அன்றிரவு யோபின் புத்தகத்தைத் திறந்தேன். அதன் பதின்மூன்றாம் அதிகாரத்தில் யோபு தன் நண்பர்களை நோக்கி ஒரு கேள்வி கேட்கிறான். தேவனுடைய பட்சத்தில் நின்று வாதாடுகிறோம் என்ற எண்ணத்தில் அவர்கள் உண்மைக்குப் புறம்பானதைப் பேசுகிறார்கள். தேவனுக்கு அப்படிப்பட்ட வழக்கறிஞர்கள் தேவையா என்பதே அந்தக் கேள்வியின் பொருள். புத்தகத்தின் முடிவில் கர்த்தர் கோபங்கொள்வது அந்த நண்பர்கள்மேல்தான். எத்தனையோ முறை பிரசங்கித்த பகுதி. அந்த நண்பர்களின் வரிசையில் என்னை நிறுத்திப் பார்த்தது அன்றுதான்.

அப்படிப் பார்க்கத் தொடங்கியபின் என்னுடைய பழைய பிரசங்கக் குறிப்புகளைப் புரட்டுவது இன்பமான வேலையாக இல்லை. ஒரு திருமண ஆராதனையில், ஆணுக்குப் பெண்ணைவிட ஒரு விலா எலும்பு குறைவு, மருத்துவர்களே இதை ஒத்துக்கொள்கிறார்கள் என்று முழங்கியிருக்கிறேன். உங்களில் சிலரும் நான் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சென்ற ஆண்டு நம் சபையின் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆராதனை முடிந்து என்னிடம் வந்து, பள்ளி ஆய்வகத்து எலும்புக்கூட்டில் எண்ணிப் பார்த்ததாகவும், ஆணுக்கும் பெண்ணுக்கும் பன்னிரண்டு இணைகளே என்று ஆசிரியர் காட்டியதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னான். பிறகு சற்றே துணிவு வந்து, "விரலை இழந்த அப்பாவுக்குப் பிறக்கிற பிள்ளைக்கு விரல் குறைவதில்லையே ஐயா? ஆதாமுக்கு எடுத்தால் எங்களுக்கு ஏன் குறைய வேண்டும்?" என்றான். எவ்வளவு நேர்த்தியான கேள்வி! ஆதியாகமம் ஆதாமின் பிள்ளைகளுக்கு எலும்பு குறைந்தது என்று எங்கும் சொல்லவேயில்லை. வேதம் சொல்லாததை வேதத்தின் பெயரால் நான் சொல்லியிருந்தேன். உடற்கூறியலாளர் வெசாலியஸ் 1543ஆம் ஆண்டிலேயே தம் நூலில் தவறென்று எழுதிவிட்ட ஒன்றை இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பின் மைக் வைத்துப் பேசியிருந்தேன்.

டார்வின் மரணப்படுக்கையில் மனந்திரும்பித் தம் கொள்கையை விட்டுவிட்டார் என்ற கதையும் அந்தக் குறிப்புகளில் இருந்தது. அவர் 1882இல் மரித்தார். ஹோப் சீமாட்டி என்பவரின் பெயரால் இந்தக் கதை அச்சில் வந்தது 1915இல். படுக்கையருகே இருந்த டார்வினின் மகள் ஹென்ரியெட்டா, அந்தச் சீமாட்டி அங்கே வரவேயில்லை என்று 1922இல் மறுத்து எழுதினார். நம்முடைய வாட்ஸ்அப் குழுவில் ஆண்டுதோறும் உலா வரும் லாமினின் படமும் இதே வகையைச் சேர்ந்தது. நம் உடலின் திசுக்களைத் தாங்கும் அந்தப் புரதம் சிலுவை வடிவில் வரையப்படுவது உண்மைதான்; ஆனால் அது விளக்கப்படம். மின்னணு நுண்ணோக்கியில் அதன் கைகள் வளைந்தும் நெளிந்தும் கிடக்கின்றன. கிறிஸ்து எல்லாவற்றையும் தாங்குகிறார் என்பதற்கு ஒரு புரதத்தின் கோட்டோவியம் சாட்சி சொல்ல வேண்டிய நிலையில் நம் விசுவாசம் இருக்கிறதா? அந்தப் படத்தை அனுப்புகிற சகோதரிகள் என்மேல் வருத்தப்படாதிருப்பார்களாக. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பரிசுத்த அகுஸ்தீன், ஆதியாகமத்துக்கு எழுதிய விளக்கத்தில் இதை எச்சரித்திருக்கிறார். நட்சத்திரங்களையும் மிருகங்களையும் செடிகளையும் பற்றித் தனக்குத் தெரியாததைக் கிறிஸ்தவன் வேதத்தின் பெயரால் உளறினால், அவற்றை நன்றாய் அறிந்த புறமதத்தார், உயிர்த்தெழுதலைப் பற்றி அவன் சொல்வதை மட்டும் எப்படி நம்புவார்கள் என்பது அவருடைய கவலை.

இப்படித்தான் வகுப்பு தொடங்கியது. எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது. ஆகவே நம் சபையில் விலங்கியல் ஆசிரியையாயிருந்து ஓய்வுபெற்ற டீச்சரம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் ஒரு நிபந்தனை விதித்தார்: "முதல் மாதம் நீங்கள் எதையும் நிரூபிக்க வேதத்தைத் திறக்கக் கூடாது ஐயா. ஜெபம் செய்யுங்கள், அப்புறம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். வரும்போது மீன் வாங்கி வாருங்கள்." போதகரிடம் இப்படிப் பேசக்கூடியவர்கள் ஒரு சபையில் ஒருவராவது இருப்பது நல்லது.

கத்தாழை மீன் வாங்கிச் சென்றேன். அதன் தலையைப் பிளந்து, மூளைக்கருகே இருந்து வெள்ளை வெளேரென்ற இரண்டு கற்களை டீச்சரம்மா எடுத்துக் காட்டினார். அவை செவிக்கற்கள். மீன் தன் உடலின் நிலையையும் ஒலியையும் உணர்வதற்கு உதவுகிறவை. மீன் வளர வளரக் கல்லும் படலம் படலமாக வளரும். அதை மெல்லிய சில்லாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் மரத்தின் வளையங்களைப்போல வளையங்கள் தெரியும்; அவற்றை எண்ணி மீனின் வயதைக் கணக்கிடுகிறார்கள். கத்தாழைக் குடும்பத்து மீன்களுக்கு இந்தக் கல் மற்ற மீன்களைவிடப் பெரியது. அவை காற்றுப்பையின் அருகேயுள்ள தசையை அதிரச் செய்து குரல் எழுப்புகின்றன. இதை டீச்சரம்மா சொல்லி முடிக்குமுன் மீனவர் குப்பத்து மாணவன் ஒருவன், தன் தாத்தா துடுப்பைத் தண்ணீரில் விட்டு அதன் மறுமுனையில் காதை வைத்துக் கத்தாழைக் கூட்டம் எங்கே இருக்கிறதென்று சொல்வார் என்றான். பள்ளியில் அறிவியலில் தேர்ச்சி பெறாத பையன் அவன். அன்று அரைமணி நேரம் அவனே எங்கள் ஆசிரியன். எந்த மீன் எந்த மாதம் சினையாயிருக்கும், எது சேற்றில் மேயும், எது மேலே வரும் என்று அவன் சொல்லிக்கொண்டே போனான், டீச்சரம்மா குறித்துக்கொண்டார்.

இதிலே நம் சபைகளின் சரித்திரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. சீகன்பால்கு ஐயர் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அவருக்குப் பின்வந்தவர்களில் சிலர் கடலையும் வயலையும் உற்றுப் பார்த்தவர்கள் என்பதைச் சொல்வதில்லை. லின்னேயஸின் மாணவரான கேனிக் 1768இல் மிஷன் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து இந்தத் தேசத்துச் செடிகளைச் சேகரித்தார். தமிழ் அகராதி தொகுத்த ரோட்லர் ஐயரும் அதே ஆர்வத்தோடு செடிகளை உலர்த்திப் பாடம் செய்துவைத்தார். 1771இல் வந்து 1813இல் தரங்கம்பாடியிலேயே மரித்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்ற மிஷனரி, இக்கடற்கரையின் மீன்களை பெர்லினிலிருந்த புளோக் என்ற யூத மருத்துவருக்கு அனுப்பிவந்தார். அந்த மருத்துவர் 1793இல் கத்தாழை மீன்களின் ஒரு பேரினத்துக்கு ஜான் ஐயரின் பெயரால் 'ஜானியஸ்' என்று பெயரிட்டார். அதில் ஒரு மீனுக்கு அவர் வைத்த இனப்பெயர் 'கருத்தா'. அது நம் மீனவர் சொல்லும் கருத்த கத்தாழைதான்! ஒரு மிஷனரியின் பெயரும், தமிழ் மீனவர் வாயிலிருந்த ஒரு சொல்லும் சேர்ந்து இன்றும் உலகத்து அறிவியல் நூல்களில் நிற்கின்றன. இதைச் சொன்னபோது அந்தக் குப்பத்துப் பையனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து அத்திக்காய். "அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்பார்கள் நம் முன்னோர். பிட்டுப் பார்த்தோம். புழுவென்று நாம் அருவருக்கிறவை பெரும்பாலும் சின்னஞ்சிறு குளவிகள். அத்தியின் பூக்கள் காய்க்கு உள்ளேயே பூக்கின்றன. ஆகவேதான் அத்தி பூத்ததை ஒருவரும் காண்பதில்லை. பெண் குளவி நுனியிலுள்ள நுண்ணிய துவாரத்தின் வழியே இறக்கைகள் முறிய உள்ளே நுழைகிறது. தான் கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்க்கிறது. சில பூக்களில் முட்டையிட்டு அங்கேயே மடிகிறது. அதன் பிள்ளைகளில் ஆண்களுக்கு இறக்கையே இல்லை. அவை காயின் சுவரில் வழி குடைந்துவிட்டு வெளியுலகைப் பெரும்பாலும் காணாமலே சாகின்றன. அந்த வழியாகப் பெண்கள் மகரந்தத்தோடு பறந்து அடுத்த மரத்தைத் தேடிப் போகின்றன. குளவி இல்லாவிட்டால் அத்திக்கு விதை இல்லை. அத்தி இல்லாவிட்டால் குளவிக்கு வீடு இல்லை.

இங்கே ஆமோஸ் தீர்க்கதரிசி எனக்கு நினைவுக்கு வந்தார். டீச்சரம்மாவின் நிபந்தனைக் காலமும் முடிந்திருந்தது. ஏழாம் அதிகாரத்தில் அவர் தம்மைக் காட்டத்திப் பழங்களோடு வேலை செய்கிறவனாக அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அந்த மரம் ஆப்பிரிக்காவிலிருந்து இஸ்ரவேல் தேசத்துக்கு வந்தது. அதற்குரிய குளவி அங்கே இல்லை. ஆகவே அத்தொழில் செய்தவர்கள் மரமேறிக் காயைக் கத்தியால் கீறிவிடுவார்கள். கீறிய காயங்களிலிருந்து எத்திலீன் என்ற வாயு வெளிப்பட்டுச் சில நாட்களிலேயே காய் பருத்துப் பழுக்கும். மந்தைக்கும் மரத்துக்கும் நடுவே கைகளில் பால் ஒட்ட நின்ற ஒருவனைக் கர்த்தர் அழைத்தார் என்பதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். இதைத் தெரிந்துகொண்டபின் அந்த வசனத்தில் ஒரு மனிதனின் கை எனக்குத் தெரிகிறது.

இதுவரை யாவும் இன்பமாகவே போயிற்று. நாங்கள் மாணவர்களுக்கு இதையே தொடர்ந்து காட்டி, சிருஷ்டிப்பின் அழகைப் பாடி, வகுப்பை முடித்திருந்தால் சபையில் ஒருவருக்கும் கவலை வந்திராது. ஐந்தாம் வாரம் கொசுவைப் பற்றிய பாடம். யானைக்கால் நோயின் புழுவைப் பற்றி டீச்சரம்மா விளக்கினார். அதன் நுண்ணிய குஞ்சுகள் பகலில் நுரையீரலின் இரத்தக்குழாய்களில் தங்கியிருந்து, இரவு ஆனதும் தோலுக்கருகேயுள்ள இரத்தத்துக்கு வருகின்றன. அவற்றைச் சுமந்து செல்லும் கொசு கடிப்பது இரவில்தான். நேரம் அவ்வளவு துல்லியமாகப் பொருந்துகிறது. பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி எழுந்தாள். அவளும் அவள் வீட்டாரும் சம்மதித்ததால் எழுதுகிறேன். அவளுடைய பாட்டியின் வலது கால் நாற்பது ஆண்டுகளாக வீங்கியிருக்கிறது. நற்கருணைக்கு முன்னே வர அவர்கள் படும் பாட்டை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். "அத்திக்குள் குளவி பொருந்துவது தேவனுடைய ஞானம் என்று போன வாரம் சொன்னீர்கள் ஐயா. எங்கள் பாட்டியின் காலுக்குள் இந்தப் புழு இவ்வளவு நேர்த்தியாகப் பொருந்துவதும் அவருடைய ஞானமா?" என்று கேட்டாள்.

கூடம் அமைதியாயிற்று. பாவத்தினால் வந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட என் நா எழுந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அவள் உட்கார்ந்திருப்பாள். அவள் பாட்டியை யார் பாவி என்று சொன்னது என்ற கேள்வியோடு வீட்டுக்கும் போயிருப்பாள். பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர்கள் அப்படிக் கேட்டபோது நம் ஆண்டவர் அந்தக் கணக்கையே ஏற்கவில்லை. ஆகவே, "மகளே, இந்தக் கேள்வி உன்னுடையது மட்டுமல்ல" என்றேன். கம்பளிப்புழுவின் உயிருள்ள உடலுக்குள் முட்டையிட்டு அதைத் தன் குஞ்சுகள் தின்னும்படி விடுகிற ஒரு குளவி இனத்தைக் குறித்து, அன்பும் வல்லமையுமுள்ள தேவன் இதை எண்ணிப் படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்று டார்வின் 1860இல் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் தம் பத்து வயது மகள் ஆனியை அடக்கம் செய்திருந்தார். அந்த நண்பர் ஏசா கிரே, அமெரிக்கத் தாவரவியலாளர், ஆலயத்துக்குச் செல்லும் விசுவாசி. டார்வினின் கொள்கையை அந்நாட்டில் எடுத்துச் சொன்னவரும் அவரே. இருவரும் கருத்தில் வேறுபட்டார்கள். கடிதம் எழுதுவதை விடவில்லை. டார்வினைப் பிரசங்க பீடத்திலிருந்து ஏளனம் செய்த ஆண்டுகளில் அவர் கேட்டது நம் வீட்டுக் கேள்வி என்பது எனக்குத் தெரியாது.

பிறகு யோபின் முப்பத்தொன்பதாம் அதிகாரத்தை வாசித்தோம். அங்கே கர்த்தரே தம் சிருஷ்டிகளைக் காட்டுகிறார். காட்டுகிற படத்தில் கழுகின் குஞ்சுகள் இரத்தம் குடிக்கின்றன, பிணம் கிடக்கிறது. அவர் அதை மறைக்கவில்லை, யோபுக்கு விளக்கவுமில்லை. ரோமருக்கு எழுதின நிருபத்தின் எட்டாம் அதிகாரமோ சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனையில் தவிக்கிறது என்கிறது. இவற்றைச் சொன்னேன். அந்த மாணவிக்கு இது போதுமான பதில் என்று நான் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. டீச்சரம்மா மட்டும் ஒன்று சேர்த்தார். கொசுவுக்குள் இந்தப் புழு வளர்வதை 1877இல் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் சீனத்தில் இருந்தபோது கண்டுபிடித்தார். அப்படி ஒருவர் உட்கார்ந்து பார்த்ததன் பின்விளைவாகத்தான் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து மாத்திரை கொடுத்தார்கள். "உன் பாட்டி வயதில் எத்தனை பேருக்கு இந்தக் கால், உன் வகுப்பில் எத்தனை பேருக்கு, எண்ணிப் பார்" என்றார். அவள் வகுப்பில் ஒருவருக்கும் இல்லை. அடுத்த வாரம் அவள் பாட்டியையும் அழைத்து வந்தாள். வீங்கிய காலை நாள்தோறும் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உயர்த்தி வைக்க வேண்டிய முறையை டீச்சரம்மா மாணவர்களுக்குச் செய்து காட்டினார். பாதம் கழுவும் ஆராதனையைப் பெரிய வியாழனன்று நான் நடத்தியிருக்கிறேன். இது அதில் சேராது, இது சுகாதாரப் பாடம் என்று டீச்சரம்மா என்னை முன்கூட்டியே அடக்கிவிட்டார்.

இனி, அந்த மூத்த சகோதரரின் கேள்விக்கு வருகிறேன். மூன்று வாரங்களுக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதே பாடத்தை விரித்துவைத்து, ஏறத்தாழ அதே சொற்களால் கேட்டான்: "பரீட்சையில் எதை எழுதுவது ஐயா?" எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

முதலில் பாடத்தைப் படிப்போம் என்றேன். அன்று கோழியின் இறக்கை ஒன்றை வேகவைத்துச் சதையை நீக்கி எலும்புகளை அடுக்கினோம். மேலே ஓர் எலும்பு, அடுத்து இரண்டு, அதன்பின் மணிக்கட்டும் விரல்களும். தங்கள் கையைத் தடவிப் பார்த்தார்கள்: ஒன்று, இரண்டு, பல. வௌவாலின் சிறகிலும் திமிங்கிலத்தின் துடுப்பிலும் இதே வரிசை. அமைப்பொத்த உறுப்புகள் என்று பாடநூல் சொல்வது இதைத்தான். பொதுவான மூதாதையிலிருந்து வந்தவை என்பது அறிவியலாளரின் விளக்கம். ஒரு மாணவி, "ஒரே சிற்பியின் கைவேலை என்று சொல்லக் கூடாதா?" என்றாள். டீச்சரம்மா, "சொல்லலாம். ஆனால் பறக்காத தீக்கோழிக்கும் பறக்கிற புறாவுக்கும் சிறகில் ஏன் ஒரே வரிசை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எளிதான விடையானால் இரண்டு முறை கேள்" என்றார்.

பிறகு அந்தப் பையனுக்கு நான் சொன்னது இது. "நீ புரிந்துகொண்டதை எழுது. அறிவியலாளர் இப்படி விளக்குகிறார்கள், அதற்கு இன்னின்ன சான்றுகளைக் காட்டுகிறார்கள் என்று, அவர்கள் தாங்களே வாசித்தாலும் குறை சொல்லாதபடி எழுது. அது பொய்யல்ல. உனக்கு அதில் கேள்வி இருந்தால் கேள்வி இருக்கிறது என்று சொல். என்னிடமும் சொல், உன் ஆசிரியரிடமும் சொல். நம்பாததை நம்பியதாக ஒரு இடத்திலும் எழுதாதே, பள்ளியிலும் வேண்டாம், இங்கேயும் வேண்டாம்." அவன் விடவில்லை: "நீங்கள் என்ன நம்புகிறீர்கள் ஐயா?"

சபையாரே, அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வானத்தையும் பூமியையும் காணப்படுகிறதும் காணப்படாததுமான யாவையும் தேவன் படைத்தார். மனுஷனைத் தம்முடைய சாயலாக உண்டாக்கினார். அவர்மேல் நாம் கொள்ளாத அன்பே நம் கேட்டுக்குக் காரணம். இதை நான் நாவினால் மட்டுமல்ல, இருதயத்தினாலும் அறிக்கையிடுகிறேன். அவர் எத்தனை காலத்தில், எந்த வழியாகப் படைத்தார் என்பதில் வேதத்தை நேசிக்கிற கிறிஸ்தவர்களே ஒருமனப்படவில்லை. ஆறு நாட்களை நாம் எண்ணுகிற நாட்களாகவே கொள்கிறவர்கள் நம் சபையில் உண்டு. என் சொந்தத் தகப்பனார் அப்படியே விசுவாசித்து மரித்தார். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே பிரசங்கித்தேன். பூமியின் நீண்ட வயதையும், உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்று மாறி வந்தன என்பதையும் இன்று நான் தேவனுடைய கைக்கு விரோதமானவையாக எண்ணவில்லை. இதை எவர்மேலும் சுமத்த மாட்டேன். மறைத்துவைக்கவும் மாட்டேன். இதனால் என்மேல் மனத்தாங்கல் கொள்கிறவர்கள் போதகர் இல்லத்துக்கு வாருங்கள். காப்பி குடித்தபடி எவ்வளவு நேரமானாலும் பேசலாம். பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிறுத்திவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பையனோடு பேசிய மறுநாள், இருபது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த மாணவிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். நான் அன்று சொன்னது தவறு என்றும், எனக்குத் தெரியாததை மறைக்க அவரைப் பொய்க்குப் பழக்கினேன் என்றும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "வகுப்பில் என்ன நுண்ணோக்கி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, ஒரு கைக்கண்ணாடி மட்டும் இருக்கிறது என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

சென்ற செவ்வாயன்று ஒரு பெட்டி வந்தது. உள்ளே, பஞ்சும் பழைய செய்தித்தாளும் சுற்றி, அவர் கல்லூரி நாட்களில் வாங்கிய நுண்ணோக்கி. கூடவே ஒரு துண்டுக் காகிதம்: கண்ணாடி வில்லைகளை மெல்லிய பருத்தித் துணியால் மாத்திரம் துடைக்க வேண்டும், எண்ணெய் படக் கூடாது. வேறொன்றும் எழுதியிருக்கவில்லை. நானும் திரும்ப அழைத்து எதுவும் கேட்கவில்லை. பெட்டி வந்து சேர்ந்ததென்று மட்டும் செய்தி அனுப்பினேன்.

வருகிற சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் குளத்துத் தண்ணீரைப் பார்க்கப் போகிறோம். மாணவர்கள் அவரவர் தெருவிலுள்ள குளத்திலிருந்தோ கிணற்றிலிருந்தோ ஒரு சிறு பாட்டிலில் தண்ணீர் எடுத்து, எங்கே எடுத்தது என்று அதன்மேல் எழுதிக் கொண்டுவர வேண்டும். பெற்றோரும் வரலாம். மீன் இல்லை என்று கோவில்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன்.